மாஸ்டரம்மாவின் வலைப்பூ

பதிப்பாளர் கூப்பிட்டபோது மாஸ்டரம்மாவின் கைகள் இரண்டும் வேலையில் இருந்தன. இடக்கையில் ஒரு பல் செட்டின் மேல்வரிசைத் தட்டு, வலக்கையில் விளக்கில் காட்டிச் சூடேற்றிய மெழுகுக் கத்தி. முன்பற்கள் ஆறையும் மெழுகில் நிறுத்தியாயிற்று. ஏழாவதைத் துளி உள்வாங்கினாற்போல் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் சிரிக்கும்போது ஓரப்பல் பொம்மையின் பல்லைப் போலத் தெரியும். இந்த நேரத்தில் கத்தியைக் கீழே வைத்தால் மெழுகு இறுகிவிடும்.

நாத்தனார்தான் தொலைபேசியை எடுத்துப் பேச்சு எல்லோருக்கும் கேட்கும்படி அழுத்தி, பிளாஸ்டர் மூட்டையின் மேல் வைத்தாள்.

“அம்மா, கதைங்களைப் படிச்சு முடிச்சேன்” என்றார் பதிப்பாளர். “பொய் சொல்லலை, ரெண்டாவது கதை முடிஞ்சதும் எழுந்துபோய் என் பல்லையே கண்ணாடில பார்த்தேன்.”

“ரொம்ப நன்றிங்க.”

“ஆனா ஒரு விஷயம். போன புத்தகம் முந்நூறு போட்டோம். அதுல இருநூத்துச் சொச்சம் இன்னும் என் கிடங்குலதான் தூங்குது.”

“மன்னிக்கணுங்க” என்றாள் மாஸ்டரம்மா. புத்தகம் விற்காததற்கு மன்னிப்புக் கேட்பது எழுதியவரின் வேலையா என்று அவளுக்குத் தெரியாது. கேட்டுவிட்டால் மனம் சற்று அடங்கும், அவ்வளவுதான்.

“மன்னிப்பெல்லாம் எதுக்கும்மா? உங்களை யாருக்கும் தெரியலை, அதான் சங்கதி. ஒரு வலைப்பூ தொடங்குங்க. பிளாக். வாரம் ஒரு கதை, பன்னிரண்டு வாரம். ஜனங்க போன்லயே வந்து படிக்கட்டும். வந்தாங்கன்னா நான் துணிஞ்சு புத்தகம் போடுவேன். அது முடியாதுன்னா, வருத்தமாத்தான் இருக்கு, இந்தக் கதைங்களை நான் எடுத்துக்க முடியாது. திங்கக்கிழமை காலைல சொல்லுங்க.”

பின்னறையில் ஓடிக்கொண்டிருந்த பாலிஷ் மோட்டார் எப்போது நின்றது என்று மாஸ்டரம்மா கவனிக்கவில்லை. நின்றிருந்தது. அவள் கணவர் அங்கிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது மட்டும் தெரிந்தது. ஏழாவது பல் வேண்டியதைவிட அதிகமாகவே உள்வாங்கிவிட்டது. மெழுகைச் சுரண்டிவிட்டு மறுபடி தொடங்கினாள்.

அவர்கள் வீடு பல் செட் செய்யும் வீடு. ஊரில் மூன்று பல் கிளினிக்குகள் உண்டு. டாக்டர்கள் வாயில் எடுக்கும் அச்சு இங்கே வரும், பல் செட்டாகத் திரும்பிப் போகும். கணவரைக் கிளினிக்காரர்கள் மாஸ்டர் என்பார்கள். அதனால் அவள் மாஸ்டரம்மா. உண்மையில் பல்லை மெழுகில் நிறுத்துவதில் அவள்தான் கெட்டி. மாஸ்டர் அச்சு வார்ப்பார், தேய்ப்பார், மெருகேற்றுவார். அவருடைய அக்கா, கணவரை இழந்தபின் தம்பி வீட்டுக்கு வந்தவள், ஸ்கூட்டரில் அச்சுகளை வாங்கி வருவதும் முடிந்த செட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுப்பதுமாக இருந்தாள். வீட்டில் மோட்டார் சத்தத்தைத் தாண்டிப் பேசக்கூடிய ஒரே குரல் அவளுடையது.

இந்தத் தொழிலில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. பல் கட்டியிருப்பது கட்டியவருக்கும் டாக்டருக்கும் மட்டுமே தெரிய வேண்டும். பெரிய டாக்டர் முதன்முதலில் வேலை கொடுத்த அன்று, “உங்க வீட்டுல இருந்து பல்லு மட்டும்தான் வெளிய வரணும், பேச்சு வரக்கூடாது” என்று சொல்லியிருந்தார். ஆகவே பிளாஸ்டர் அச்சுகளில் யாருடைய பெயரையும் அவர்கள் எழுதுவதில்லை. ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்துப் பென்சிலால் எழுதுவார்கள். பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் ‘குயில்’. வானொலியில் இருபத்தைந்து வருடம் மாலைச் செய்தி வாசித்து ஓய்வு பெற்றவர் ‘ஏழு மணி’. எப்போதும் பல்லைக் கடித்துக்கொண்டே பேசும் காண்ட்ராக்டர் ‘நெல்லு மெஷின்’. அலமாரி முழுக்க இப்படி வாயைத் திறந்துகொண்டு வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருந்தார்கள்.

பிளாஸ்டர் இறுகுவதற்கு இருபது நிமிடம், குக்கரில் தட்டு வேக ஒன்றரை மணி. அந்த இடைவெளிகளில்தான் மாஸ்டரம்மா எழுதினாள். முதல் புத்தகத்தில் அவள் எழுதியவை பள்ளிக்காலத்துக் கதைகள். இந்தப் பன்னிரண்டு கதைகளோ அலமாரியிலிருந்து இறங்கியவை.

மத்தியானம் ரொட்டியும் அவித்த உருளைக்கிழங்கும் தட்டில் ஆறிக்கொண்டிருக்க, வெளியே மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது.

“ஏங்க, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்களே” என்றாள் மாஸ்டரம்மா.

மாஸ்டர் உருளைக்கிழங்கை நான்காக வெட்டினார், பிறகு எட்டாக வெட்டினார். “வேண்டாம்னு சொல்ல மாட்டேன். உன் எழுத்து, உன் இஷ்டம். வேணும்னும் என்னால சொல்ல முடியாது.”

“அப்ப என்னதான் சொல்றீங்க?”

“பயமா இருக்குன்னு சொல்றேன்.”

“எனக்கு மட்டும் இல்லையா?”

“நல்லாத்தான் இருக்கு, புருஷனும் பொண்டாட்டியும்” என்றாள் நாத்தனார். “ஒரு ஆளு பயந்தா இன்னொரு ஆளு தைரியம் சொல்லணும். இங்க ரெண்டு பேரும் சேர்ந்து நடுங்கினா நான் யாரைப் பிடிக்கிறது? என்னடா தம்பி பயம் உனக்கு? கதைல யாரு பேராவது இருக்கா?”

“இல்லக்கா. பட்டப்பேர்தான் இருக்கு.”

“குயில்னுதான் போட்டிருக்கேன், ஏழு மணின்னுதான் போட்டிருக்கேன். அது நம்ம மூணு பேரைத் தவிர யாருக்கும் தெரியாதே அண்ணி” என்றாள் மாஸ்டரம்மா.

நாத்தனார் வாய்க்குக் கொண்டுபோன ரொட்டியைத் தட்டிலேயே வைத்தாள். “யாருக்கும் தெரியாதா? அடியே, நான் கொண்டுபோற டப்பா மேல என்ன எழுதியிருக்கு?”

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

“அச்சுல இருக்கறதைத்தானே டப்பாலயும் எழுதறீங்க? கிளினிக்ல அந்த வரவேற்புப் பொண்ணு என்னைப் பார்த்ததும் ‘அக்கா, குயில் வந்துடுச்சா? ஏழு மணி எப்ப வருவாரு?’ன்னு கேக்குது. டாக்டரும் அப்படித்தான் சொல்றாரு. அந்த நெல்லு மெஷினுக்குத்தான் தன் பேரு தெரியாது. மத்தபடி மூணு கிளினிக்கும் நம்ம வச்ச பேரைத்தான் கூப்பிடுது.”

“இத்தனை வருஷமா ஏன் அண்ணி சொல்லலை?”

“நல்ல பேருன்னு பாராட்டறாங்கன்னு நினைச்சேன்டி!”

மாஸ்டருக்கு அதற்குமேல் சாப்பாடு இறங்கவில்லை. எழுந்து கைகழுவப் போனார். மாஸ்டரம்மா தன் தட்டை நகர்த்தி வைத்தாள். அந்த வரவேற்புப் பெண்ணின் கையில் எந்நேரமும் தொலைபேசி இருக்கும். புத்தகமென்றால் அவள் சாகும்வரை தொடமாட்டாள். வலைப்பூ என்றால் தேநீர் ஆறுவதற்குள் முதல் வரியில் ‘குயில்’ என்று பார்ப்பாள், இரண்டாவது வரியில் சிரிப்பாள், மூன்றாவது வரிக்குள் யாருக்காவது அனுப்பிவிடுவாள். பெரிய டாக்டர் காதுக்கு எட்ட ஒரு பொழுது போதும். அவர் அச்சு அனுப்புவதை நிறுத்தினால் மற்ற இருவரும் நிறுத்துவார்கள். வீட்டில் மூன்று பேருக்கும் தெரிந்த வேலை இது ஒன்றுதான்.

மறுநாள் வெள்ளிக்கிழமையும் மழை விடவில்லை. ஈரத்தில் அச்சுகள் காயாமல் படுத்தின. மாஸ்டரம்மா கதைகளை எடுத்து வைத்துக்கொண்டு பட்டப்பெயர்களை எல்லாம் மாற்றினாள். குயில், ‘அந்த அம்மாள்’ ஆனாள். ஏழு மணி, ‘ஓய்வு பெற்ற அதிகாரி’ ஆனார். மாற்றி முடித்து முதல் கதையைப் படித்துப் பார்த்தாள். பெயர்தான் போயிருந்தது, ஆள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

குயிலின் கதை இதுதான். பாட்டு டீச்சருக்கு மேல்வரிசை கட்டியபின், பாடும்போது சில எழுத்துகளில் தட்டின் இடுக்கிலிருந்து விசில் சத்தம் வந்தது. எந்த இடத்தில் வருகிறது என்று கண்டுபிடிக்க டாக்டரே அவளை நேராக இந்த வீட்டுக்கு அனுப்பினார். வழக்கத்தில் இல்லாத காரியம். முன்னறையில் உட்கார்ந்து அவள் பாட, மாஸ்டர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். பாட்டின் நடுவில் விசில் நீளமாக வந்ததும் அவள் சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. மாஸ்டர் தட்டை வாங்கி உட்புறம் தேய்த்துக் கொடுத்தார். மூன்று முறை தேய்த்தபின் விசில் நின்றது. நடந்தது இவ்வளவே. கதையில் அவள் கைக்குப் பின்னால் அழுதாள். வீடு திரும்பியதும் சுருதிப்பெட்டியைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டாள். அதன்பின் பாடவேயில்லை. அந்தக் கடைசிப் பத்தியைப் பதிப்பாளர் தனியாகக் குறிப்பிட்டுப் பாராட்டியிருந்தார்.

பல் கட்டிய பாட்டு டீச்சர் ஊரில் எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள்?

“பேரை மாத்தினாலும் விசிலை மாத்த முடியலை அண்ணி” என்றாள், டப்பாக்களுக்குக் காகிதம் சுற்றிக்கொண்டிருந்த நாத்தனாரிடம்.

“அப்ப அவங்களையே கேட்டுட வேண்டியதுதான்.”

“யாரை?”

“யாரைப் பத்தி எழுதினியோ அவங்களை. நாம என்ன, அச்சு வந்ததும் நேரா பிளாஸ்டிக்லயா போடறோம்? முதல்ல மெழுகுல வைக்கிறோம், டாக்டர் அவங்க வாய்ல வச்சுப் பார்க்கிறாரு. கோணலா இருக்கு, உயரமா இருக்குன்னு அவங்க சொன்னா மாத்தறோம். பிளாஸ்டிக்ல போட்டப்புறம் சொன்னா நாம என்ன பண்ண முடியும்? கதையும் அப்படித்தான். ஒரு தடவை வாய்ல வச்சுப் பாரு.”

“ஐயோ அண்ணி, அவங்க முன்னாடி நின்னு உங்களைப் பத்தி எழுதியிருக்கேன்னு எப்படிச் சொல்றது? எனக்கு நாக்கே எழும்பாது.”

“உனக்கு எழும்பாது. எனக்கு எழும்பும்.”

“வேண்டாம் அண்ணி. கையெடுத்துக் கும்பிடறேன்.”

நாத்தனார் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருப்பது சரிதான் என்று ஒப்புக்கொண்டதாகாது என்பதை, இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும், மாஸ்டரம்மா அன்றைக்கு மறந்துபோனாள்.

சனிக்கிழமை ஒன்றரை மணிக்கு வாசல் மணி அடித்தது. நனைந்த குடையும், வாயில் பொத்திய கைக்குட்டையுமாகப் பாட்டு டீச்சர் நின்றாள். மறுகையில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை நீட்டினாள். உள்ளே மேல்வரிசை இரண்டு துண்டாகக் கிடந்தது. கழுவும்போது தொட்டியில் விழுந்துவிட்டதாகக் கையாலேயே சொல்லிக் காட்டினாள். கிளினிக் சனிக்கிழமை மதியம் மூடிவிடும். அவளுக்கு இந்த வீடு தெரியும், வந்துவிட்டாள். நான்கு விரலை உயர்த்திக் காட்டி, பிறகு உள்ளங்கையைத் தரையிலிருந்து சற்றே உயரத்தில் பிடித்தாள்.

“நாலு மணிக்குப் பிள்ளைங்க வருதா? அதுக்குள்ள ஆயிடும் டீச்சர். உக்காருங்க” என்றார் மாஸ்டர்.

மாஸ்டரம்மாவால் டீச்சரின் கண்ணைப் பார்க்க முடியவில்லை. டப்பாவை வாங்கிக்கொண்டு வேலை அறைக்குள் போய்விட்டாள். முன்பல் நடுவே நேர்க்கோடாக விரிசல். மாஸ்டர் இரு துண்டுகளையும் பொருத்திப் பிடிக்க, அவள் உருக்கிய மெழுகை மூன்று இடங்களில் சொட்டவிட்டு, மேலே தீக்குச்சிகளைக் குறுக்கே ஒட்டி நிலைநிறுத்தினாள். மாஸ்டர் பிளாஸ்டரைக் கலந்து உட்புறம் ஊற்றினார். இருபது நிமிடம் காத்திருந்து, கழற்றி, விரிசலை அரத்தால் இருபுறமும் சரித்து அகலப்படுத்தினார். புதுப் பிளாஸ்டிக் தூளும் அதை இறுக்கும் திரவமும் பிடிக்க வாய் வேண்டுமே. அறை முழுக்க அந்தத் திரவத்தின் கண்ணைக் கரிக்கும் நெடி பரவியது. மாஸ்டர் தூளைத் தூவினார், அவள் துளித்துளியாகத் திரவத்தை விட்டாள். முன்னறையில் நாத்தனாரின் பேச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது.

டீச்சருக்குத் தேநீர் கொடுக்கலாமா, பல்லில்லாமல் குடிப்பாளா என்று கேட்டுவர மாஸ்டரம்மா முன்னறைக்கு எட்டிப் பார்த்தாள். டீச்சர் தலைகுனிந்து எதையோ படித்துக்கொண்டிருந்தாள். மடியில் கோடு போட்ட தாள்கள். ஓரங்களில் வெள்ளை விரல் ரேகை. நாத்தனார் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாஸ்டரம்மா ஓசைப்படாமல் திரும்பி வந்தாள்.

“குடுத்துட்டாங்க” என்றாள்.

“யாரு? என்னத்தை?”

“அண்ணி. குயிலை.”

“யாருக்கு?”

“குயிலுக்கே.”

மாஸ்டரின் கையிலிருந்த தூள் புட்டி ஒருகணம் அந்தரத்தில் நின்றது. பிறகு மறுபடி தூவினார். “கலந்தாச்சு. இப்ப விட்டா பிடிக்காது. நீ திரவத்தை விடு.”

“பயமா இருக்குங்க.”

“எனக்கும்தான். விடு.”

அவள் விட்டாள். தட்டைக் குக்கரில் வெந்நீரில் வைத்து மூடினார்கள். பழுதுபார்த்ததற்குக் கால் மணி போதும். குக்கர் இரைந்தது, மழை இரைந்தது, இரண்டுக்கும் நடுவே தாள் புரளும் ஓசை அவளுக்குத் தனியாகக் கேட்டது. ஒன்று. இரண்டு. மூன்றாவது தாளில்தான் அழுகை. அந்தத் தாள் புரளவே இல்லை. ஓடிப்போய்ப் பிடுங்கிக்கொண்டு வரலாமா என்று எழுந்தாள். எழுந்தவள் நின்றாள். இதுவரை தன் எழுத்தை ஒருவர் உட்கார்ந்து படிப்பதை அவள் கண்ணால் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. புத்தகம் வாங்கிய சொந்தக்காரர்கள் அட்டையை மட்டும் பாராட்டியிருந்தார்கள். பயத்துக்கு நடுவிலும், அந்தத் தாள் புரள வேண்டும் என்று ஒரு வெட்கங்கெட்ட ஆசை. புரண்டது.

மாஸ்டர் தட்டை எடுத்துச் சீவி, நுரைக்கல் பொடியில் தேய்த்து, துணிச் சக்கரத்தில் மெருகேற்றினார். விரிசல் இருந்த இடம் தெரியவில்லை. குளிர்ந்த நீரில் கழுவி ஒரு கிண்ணத்தில் வைத்து அவளிடம் நீட்டினார்.

“நீங்க குடுங்க” என்றாள்.

“எழுதினது யாரு?” என்றார்.

டீச்சர் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பித் தட்டைப் பொருத்தினாள். நாக்கால் தடவிப் பார்த்தாள். திரும்பினாள். முகம் நிரம்பியிருந்தது.

“இது நான்தானே?” என்று தாள்களைத் தட்டினாள்.

“மன்னிக்கணும் டீச்சர். தப்புதான். எங்கேயும் வரலை, இதைக் கிழிச்சுடறேன்” என்றாள் மாஸ்டரம்மா. பின்னால் மாஸ்டர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“இருங்க, இருங்க. கிழிக்கச் சொன்னேனா? எனக்கு ஒண்ணு சொல்லுங்க. இந்தம்மா எதுக்கு அழறாங்க?”

“அன்னிக்கு… நீங்க வாயைப் பொத்திக்கிட்டு…”

“பொத்திக்கிட்டு?”

“தோள் குலுங்குச்சு. நான் இந்த இடத்துலதான் நின்னுட்டிருந்தேன்.”

டீச்சர் தாள்களை நாற்காலியில் வைத்தாள். “அம்மா, நான் சிரிச்சேன். உருகி உருகிப் பாடிட்டிருக்கேன், நடுவுல பஸ் கண்டக்டர் மாதிரி ஒரு விசில். யாரோ ‘ரைட், போகலாம்’னு சொல்ல வேண்டியதுதான் பாக்கி. இவரு பாவம், காதைத் தீட்டிக்கிட்டு டாக்டர் மாதிரி முகத்தை வச்சிருக்காரு. சிரிச்சா பல்லு கழண்டு இவரு மடியில விழுந்துடுமோன்னு வாயைப் பொத்திக்கிட்டேன்.”

நாத்தனார் பக்கென்று சிரித்துவிட்டுத் தம்பியின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

“அப்புறம், பாட்டை விட்டுட்டேன்னு எழுதியிருக்கீங்க. யாரு விட்டா? இன்னிக்கு நாலு மணிக்குப் பதினாறு பிள்ளைங்க.” டீச்சரின் குரலில் சிரிப்புத் தேய்ந்து வேறொன்று வந்தது. “எனக்குப் பல்லு கட்டியிருக்குன்னு ஊருக்குத் தெரிஞ்சா தெரியட்டும். வயசுக்குப் பல்லு போகாம என்ன செய்யும்? ஆனா இந்தம்மாவை எனக்குத் தெரியாது. பெட்டியைப் பரண்ல போட்டுட்டு மூலைல உக்கார்ந்திருக்கற இந்தம்மாவா என்னை நினைச்சு நாலு பேரு தெருவுல ‘ஐயோ பாவம்’னு பார்ப்பாங்களே, அதை என்னால தாங்க முடியாது. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?”

“கேட்டிருக்கணும் டீச்சர்” என்றாள் மாஸ்டரம்மா.

டீச்சர் குடையை எடுத்தாள். வாசலில் நின்றாள். “அந்த மோட்டார் சத்தம் ஸ்வரம் சேராம ஓடிட்டே இருந்துச்சுன்னு எழுதியிருக்கீங்களே, அது மட்டும் ரெண்டு தடவை படிச்சேன். அது சரி. மத்ததையும் சரியா எழுதி ஒரு தடவை காட்டுங்க. அப்புறம் எங்க வேணா போடுங்க. என்னோடதை மட்டும். மத்தவங்களுக்கு நான் எப்படிச் சொல்றது?”

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மாஸ்டரம்மா எழுதினாள். அழுகையை எடுத்ததும் கதை சாய்ந்துவிட்டது. பதிப்பாளர் பாராட்டிய கடைசிப் பத்தியைக் கோடு போட்டு அடிக்கும்போது சொந்தப் பல்லைப் பிடுங்குவதுபோல் வலித்தது. பன்னிரண்டு பக்கம் ஐந்து பக்கமானது. மீதிக் கதைகளையும் எடுத்துப் புரட்டினாள். பதினொரு கதைகளில் ஏழு பேர் அழுதார்கள். இரண்டு பேர் வெறித்த கண்ணோடு மழையைப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவரையும் அவள் கேட்டதில்லை. இரண்டு நாளாக எது வெளியே தெரிந்துவிடுமோ என்று நடுங்கினாளோ, அது உண்மைதானா என்பதே இப்போது தெரியவில்லை. இந்தப் பயம் முந்தையதைவிடப் பெரிதாக இருந்தது.

“எதுக்குடி மூஞ்சிய இப்படி வச்சிருக்கே?” என்றாள் நாத்தனார்.

“நான் எழுதினது எல்லாமே பொய்யா அண்ணி?”

“பொய்யில்ல. சரியா உக்காரலை. தேய்ச்சா உக்காரும்.”

சாயங்காலம் ஐந்து பக்கங்களையும் நாத்தனாரே டீச்சர் வீட்டுக்குக் கொண்டுபோனாள். திரும்பி வந்த தாளின் அடியில் ‘சரி’ என்று எழுதி டீச்சர் கையெழுத்திட்டிருந்தாள். பதினாறு என்பதை அடித்துப் பதினேழு என்று திருத்தியிருந்தாள். நேற்று ஒரு பிள்ளை புதிதாகச் சேர்ந்ததாம்.

திங்கட்கிழமை காலை மாஸ்டர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பெரிய டாக்டரைப் பார்க்கப் போனார். அவர் வரும்வரை மாஸ்டரம்மா ஒரு பல்லையும் நிறுத்தவில்லை. ஒன்பதரைக்குத் திரும்பியவர் முதலில் தண்ணீர் கேட்டார்.

“கையெழுத்தைப் பார்த்தாரு. ‘இந்தம்மா சரின்னாங்கன்னா எனக்கு என்ன? ஆனா கேக்காம ஒரு ஆளைப் பத்தி வந்து, ஒரு புகார் வந்துச்சுன்னா, அன்னிக்கே அச்சு நிக்கும்’னாரு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“கேக்காம வராதுன்னு சொல்லிட்டேன். உன்னைக் கேக்காமலேயே சொல்லிட்டேன்” என்றார், சற்றுத் திகைத்தவராக.

பத்து மணிக்குப் பதிப்பாளர் கூப்பிட்டார். இம்முறை மாஸ்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டு தானே பேசினாள்.

“தொடங்கறேங்க. ஒரு கதை தயாரா இருக்கு.”

“அற்புதம்! மத்த பதினொண்ணு?”

“அது எப்பன்னு தெரியாதுங்க. யாரைப் பத்தியோ அவங்ககிட்ட காட்டணும். அவங்க சரின்னா வரும்.”

“எந்த எழுத்தாளராவது ஆளைக் கேட்டுட்டு எழுதுவாங்களாம்மா?”

“எழுதறதுக்குக் கேக்கலீங்க. எழுதியாச்சு. சரியா இருக்கான்னு கேக்கறேன்.”

“வாரம் ஒண்ணு வரலைன்னா ஜனங்க மறந்துடுவாங்க. ஒரு கதையோட ஒரு வலைப்பூவை வச்சுக்கிட்டு நான் என்ன செய்யட்டும்? அப்ப புத்தகத்தை விட்டுடலாம்மா. எனக்கு வருத்தம்தான்.”

“எனக்கும்தாங்க” என்றாள். வைத்துவிட்டாள். வைத்தபின் பிளாஸ்டர் மூட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டாள். புத்தகம் போய்விட்டது. பிளாஸ்டர் இறுகும் இடைவெளிகளில் இரண்டு வருடமாகச் சேர்த்த இருபது இருபது நிமிடங்கள். அழவில்லை. அழுதாளென்று யாராவது எழுதினால் தப்பாகிவிடும்.

நாத்தனாரின் தொலைபேசியில் வலைப்பூ தொடங்க முக்கால் மணி ஆயிற்று. ஐந்து பக்கத்தையும் ஒற்றை விரலால் தட்டி ஏற்றினாள் நாத்தனார். அழுத்தும் முன் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அழுத்தியபின் எதுவும் நடக்கவில்லை. மோட்டார் மறுபடி ஓடியது. மத்தியானம்வரை நான்கு பேர் பார்த்திருந்தார்கள் என்று காட்டியது. அதில் மூன்று பேர் இந்த வீட்டில் இருந்தார்கள்.

“நாலாவது யாருடி?” என்றாள் நாத்தனார்.

“தெரியலை அண்ணி.” மாஸ்டரம்மா அந்த எண்ணை மறுபடி ஒருமுறை பார்த்தாள். சிறிது நேரம் கழித்து, “இன்னிக்கு எந்தப் பக்கம் டப்பா கொண்டுபோறீங்க?” என்று கேட்டாள்.

“தண்ணித்தொட்டிப் பக்கம்.”

“செய்தி வாசிச்சவர் வீடும் அங்கதானே? என்னையும் ஏத்திக்கோங்க.”

மாஸ்டர் பின்னறையிலிருந்து எட்டிப் பார்த்தார். “அவர் கோபக்காரராச்சே” என்றார்.

“தெரியும்.”

“நானும் வரவா?”

“வேண்டாங்க. ரெண்டு பேரும் நடுங்கினா நல்லா இருக்காது.”

மழை விட்டிருந்தது. ஸ்கூட்டரின் பின்னால் பையை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்து போனாள். அவருடைய கதையில் அவர் வீட்டில் யாருமில்லாத மாலைகளில் பழைய செய்திகளைத் தனக்குத்தானே வாசித்துக்கொண்டு கண்கலங்குவார். அந்தக் கண்ணீரை எங்கிருந்து எடுத்தாள் என்று வழியெல்லாம் யோசித்தாள். கிளினிக்கில் யாரோ எப்போதோ சொன்ன பாதிப் பேச்சு. அவ்வளவுதான்.

நாத்தனார் வாசலில் இறக்கிவிட்டு, “நான் முனைல நிக்கறேன். அவர் கத்தினா ஓடி வந்துடு” என்று சொல்லிவிட்டுப் போனாள். மாஸ்டரம்மா மணியை அழுத்தினாள். உள்ளே செருப்பைத் தேய்த்துக்கொண்டு யாரோ நடந்து வரும் ஓசை. திரும்பிவிடலாமா என்ற எண்ணம் அவளுக்கு இரண்டு முறை வந்தது. கதவு திறந்தது. இருபத்தைந்து வருடம் ஊரெல்லாம் கேட்ட அந்தக் குரல், கொஞ்சமும் தேயாமல், அவள் தலைக்குமேல் ஒலித்தது.

“நீங்க பல்லு மாஸ்டர் வீட்டம்மா இல்ல? என் கீழ்வரிசை தயாராயிடுச்சா? வெள்ளிக்கிழமைன்னு சொன்னாங்களே. பல்லா கொண்டுவந்திருக்கீங்க?”

“பல்லு இல்லீங்க” என்றாள். பையிலிருந்து தாள்களை எடுக்கும்போது அவை சலசலத்தன. “ஒரு கதை. நான் எழுதினது. உங்களைப் பத்தி.”